கட்டுப் பிரிக்கும் வேளை

மாலை வெயில் கட்டில்வரை வந்து கிடக்கிறது. மார்பகத்தில் அறுவை சிகிச்சை முடிந்து வீடு திரும்பிய மனைவி, சட்டைப் பொத்தான்களைக் கழற்றிவிட்டு விளிம்பில் உட்கார்ந்திருக்கிறாள். காயத்துக்குக் கட்டு மாற்ற வரும் நர்ஸ் இன்று வரவில்லை. இறையியல் பேராசிரியரான கணவர்தான் பழைய கட்டைப் பிரித்திருக்கிறார். பிரித்த கையோடு, ஈரப் பஞ்சைப் பிடித்தபடி, முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்கிறார். “காலையில என்ன பாடம் நடத்துனீங்க?” என்று அவள் பேச்சுக் கொடுக்கிறாள். “ஆதித் திருச்சபை அறிஞர்கள். ஜடப்பொருள் இழிவு, உடம்பு ஆத்மாவுக்குச் சிறைன்னு ஒரு கூட்டம் சொல்லுச்சு. இந்த அறிஞருங்க விடல. ஜடமும் உடம்பும் ஒண்ணுமில்லாததுலேருந்து கடவுள் உண்டாக்குனது, அதனால எல்லாமே நல்லதுதான்னு அடிச்சுச் சொன்னாங்க.” “நீங்க எந்தக் கட்சி?” “இதென்ன கேள்வி? இவங்க கட்சிதான்.” “அப்ப கொஞ்சம் திரும்பிப் பாருங்க.” குரலில் கோபமே இல்லை; அதுதான் அவரைச் சுடுகிறது. திரும்புகிறார். பார்வை அவள் நெற்றியிலிருந்து இறங்கிக் கழுத்தோடு நின்றுவிடுகிறது. பஞ்சிலிருந்து ஒரு சொட்டு அவள் மடியில் விழுகிறது. சற்றுநேரம் பொறுத்துப் பார்த்தவள், அவர் விரல்களை மெல்லப் பிரித்துப் பஞ்சை வாங்கிக்கொள்கிறாள். “நானே துடைச்சுக்கறேன். அந்தக் கண்ணாடிய மட்டும் பிடிங்க.” மேஜைமேல் இருந்த கண்ணாடியை எடுத்து அவள் மார்புக்கு நேரே பிடிக்கிறார். அதன் பின்பக்க அட்டை காயத்தை அவரிடமிருந்து முழுசாக மறைத்துவிடுகிறது. அவரையறியாமல் ஒரு நிம்மதிப் பெருமூச்சு வெளியேறுகிறது. அது அவள் காதிலும் விழுந்துவிட்டது.