அப்படியே வச்சிரு

1936. மலாயாவின் குளுவாங் செம்மண் திடலில் பந்தயக் கார்களை அழைக்கத் தொடங்கிவிட்டார்கள். தம்பிராஜாவின் சின்ன நாலு சிலிண்டர் கார் மட்டும் இருமி இருமி அணைந்துகொண்டிருந்தது. போன வருடப் பந்தயத்தில் இதே கார் கவிழ்ந்துதான், அதை ஓட்டிய அவருடைய அண்ணன் இறந்தார்.

தம்பிராஜா குனிந்து, கார்புரேட்டரின் திருகைத் தளர்த்தினார். தலை நிமிராமலே, "கொஞ்சம் மிதி, பாமா," என்றார். எஞ்சின் சீராக ஓடியது. "அப்படியே வச்சிரு!"

"எதைங்க?" மனைவி சத்தியபாமா, மண்ணெண்ணெய் டின்னோடு அவருக்குப் பின்னால் நின்றாள்.

ஓட்டுநர் இருக்கை காலியாக இருந்தது. மிதிகட்டை மட்டும் தாழ்ந்திருந்தது. அவர் பெட்ரோல் குழாயை இறுக மூடினார். எஞ்சின் நிற்கவில்லை.

"வேணாங்க. இன்னிக்கு ஓட்டாதீங்க."

"ஓட்டல," என்று அவர் பின்வாங்கினார்.

அவர்களுடைய காரின் எண்ணை அழைத்தார்கள். கார் மெல்ல நகர்ந்து, வரிசையில் தனக்கு விட்டிருந்த இடத்தில் போய் நின்றது.