மூக்கைத் தூக்கும் படகு

"ஒரு சொட்டுத் தண்ணி உள்ள வந்துச்சான்னு சொல்லுங்க மாமா. வந்திருந்தா இந்தத் தொழிலையே விட்டுடறேன்" என்றான் மெக்கானிக், படகைத் துறையில் கட்டிக்கொண்டே.

மாமா, அதாவது அவன் அக்காவின் கணவர், சட்டையைத் தடவிப் பார்த்தார். ஈரமே இல்லை. அந்தச் சின்னப் படகில் ஏரியைக் கடந்து அவர் நனையாமல் கரையேறியது அதுதான் முதல் தடவை.

அவருக்கு அக்கரையில் மர வேலை. அக்காவுக்கும் அங்கேயே மருந்துக் கடையில் வேலை. காலையில் இருவரும் ஒன்றாகப் போய் மாலையில் ஒன்றாகத் திரும்புவார்கள். படகோ மூக்கை வானத்துக்குத் தூக்கிக்கொண்டு, பின்பக்கம் தண்ணீரில் புதைந்து, ஊர்ந்து ஊர்ந்து வரும். போக அரை மணி, வர அரை மணி.

மெக்கானிக் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் அதன் திமிரை அடக்கிவிட்டான். எஞ்சின் வெளிப்பக்கமாகச் சாய்ந்திருந்தது. அதன் சாய்வைப் பிடித்திருக்கும் இரும்புப் பின்னை உருவி, இரண்டு ஓட்டை உள்ளே தள்ளிப் போட்டான். பின்னால் கிடந்த பெட்ரோல் கேனை முன்பக்கம் வைத்தான். விளிம்பு நசுங்கிய ப்ரொப்பெல்லரைக் கழற்றிப் புதிது மாட்டினான். அவ்வளவுதான். படகு தண்ணீரைக் கிழித்துக்கொண்டு பறந்தது. கையெடுத்துக் கும்பிடலாம், அப்படி ஒரு வேலை.

வேடிக்கை பார்க்க வீடே துறைக்குத் திரண்டு வந்திருந்தது. மாமாவின் தம்பிகள், அவர்கள் மனைவிமார், பிள்ளைகள், கடைசியாக அக்காவின் மாமியார்.

"கெட்டிக்காரன்ப்பா நீ. நிஜமாவே பத்து நிமிஷந்தானா?" என்றார் மாமியார்.

"பத்தே நிமிஷம் அத்தை. இனிமே உங்க மருமக வேலை முடிஞ்ச கையோட வீட்ல இருப்பா."

"ஆகட்டும்" என்று சொல்லிவிட்டு அவர் படகையே பார்த்துக்கொண்டு நின்றார்.

மெக்கானிக் இதை வெறும் பெருமைக்குச் செய்யவில்லை. ஏரியில் சுற்றுலாப் படகுகள் விடும் கம்பெனி, தன் படகுகளைப் பராமரிக்க ஆள் தேடிக்கொண்டிருந்தது. "நீ சரி பண்ணின படகு ஒண்ணைக் காட்டு, சனிக்கிழமை வந்து ஏறிப் பார்க்கறேன்" என்று மேனேஜர் சொல்லியிருந்தார். இது கிடைத்தால் அவனுடைய தகரக் கொட்டகை பட்டறையாகும். கிடைக்காவிட்டால் மூடிவிட்டு, பழையபடி யாரிடமாவது கைகட்டி நிற்க வேண்டும்.

செவ்வாய்க்கிழமை மாலை அவன் துறைக்கு வந்தான். படகு மூக்கைத் தூக்கிக்கொண்டு ஊர்ந்து வந்தது.

"என்னக்கா ஆச்சு?"

"தெரியலடா. காலையிலேருந்தே இப்படித்தான். பரவாயில்ல விடு" என்றாள் அக்கா. மாமா ஏதோ சொல்லியிருப்பார் போல, அவளுக்கு இன்னும் சிரிப்பு அடங்கவில்லை.

பார்த்தால், இரும்புப் பின் பழைய ஓட்டையில். கேன் பழைய இடத்தில். பழைய ப்ரொப்பெல்லர் எஞ்சினில். பல்லைக் கடித்துக்கொண்டு எல்லாவற்றையும் மறுபடி மாற்றினான். வெள்ளிக்கிழமை மாலை மறுபடியும் அதே கதை.

"எவனோ என் பொழப்புல மண்ணள்ளிப் போடறான் மாமா."

"அக்கரையில உனக்குப் போட்டியா இருக்கானே, அந்த மெக்கானிக்கா இருக்குமோ?"

"அவனுக்கு ஏது இவ்வளவு சுத்தமான வேலை? கிரீஸ் தடவி, நட்டு கழலாம இருக்கப் பூட்டுக் கம்பிய அளவா மடக்கி விட்டிருக்கான். புது ப்ரொப்பெல்லரத் திருடக்கூட இல்ல, துணியில சுத்தி சீட்டுக்கு அடியில பத்திரமா வச்சிருக்கான். கெடுக்கறதக்கூட இவ்வளவு அழகாவா ஒருத்தன் கெடுப்பான்? ஆள் கிடைச்சா அடிக்கிறதா, வேலைக்குச் சேர்த்துக்கிறதான்னே தெரியல."

நாளைக்கு மேனேஜர் வருகிறார். சாமான் பெட்டியை எடுக்கக் கொட்டகைக்கு ஓடினான். திரும்பி வரும்போது பொழுது சாய்ந்திருந்தது. படகில் ஒரு உருவம் எஞ்சின் மேல் குனிந்திருந்தது. கையில் ஸ்பேனர்.

அவன் பூனை மாதிரி நெருங்கி, "மாட்டினியாடா" என்று கத்தினான்.

"கத்தாதப்பா, நட்டு தண்ணிக்குள்ள விழுந்துடப் போகுது."

அக்காவின் மாமியார். புடவையை இழுத்துச் செருகியிருந்தார். முழங்கை வரை கிரீஸ்.

"அத்தை, நீங்களா? உங்களுக்கு எஞ்சின் வேலை தெரியுமா?"

"எங்க வீட்டுக்காரருக்கு ஓட்ட மட்டும்தான் தெரியும். கடைசிவரைக்கும் எஞ்சினப் பிரிச்சு மாட்டினதெல்லாம் நான்தான்." அவர் நட்டை இறுக்கிவிட்டு நிமிர்ந்தார். "நாளைக்கு உன் மேனேஜர் வர்றார்ல? அதான் நீ வச்ச மாதிரியே வச்சிருக்கேன். சரியா இருக்கான்னு பாரு."

பார்த்தான். பின் இரண்டு ஓட்டை உள்ளே இருந்தது. கேன் முன்னால் இருந்தது. புது ப்ரொப்பெல்லர் கைபட்டதும் வழுக்கிக்கொண்டு சுற்றியது. அவன் தொட்டுச் சரிசெய்ய ஒன்றுமே இல்லை.

"உன் வேலையில ஒரு குறை சொல்ல முடியாது தம்பி. மேனேஜர் பார்த்தாருன்னா உன்னை விடவே மாட்டாரு. அவர் போனப்புறம் நான் பழையபடி மாத்திக்கறேன்."

"குறையே இல்லங்கறீங்க, அப்புறம் ஏன் அத்தை மாத்தறீங்க?"

மாமியார் கையைத் துடைத்துக்கொண்டு வீட்டுப் பக்கம் பார்த்தார். அங்கே டிவி அலறியது, பிள்ளைகள் சண்டை போட்டன, யாரோ அக்காவைக் கூப்பிட்டார்கள், இன்னொருவர் மாமாவைக் கூப்பிட்டார்.

"கல்யாணமாகி வந்த நாள்லேருந்து இந்த வீட்ல அதுங்க ரெண்டும் தனியா உக்காந்து பேசி நான் பார்த்ததில்ல. பேசறது, சிரிக்கிறது எல்லாம் அந்தப் படகுலதான். அதப்போயி நீ பத்து நிமிஷமா ஆக்கிட்டியேப்பா."