லூர்துத் தண்ணீர்

வான் வண்டிக்குள் இருந்த சின்னத் தண்ணீர்ப் பைப்பைத் திறந்து, மாதா உருவப் பிளாஸ்டிக் போத்தலை அதன் கீழே பிடித்தார் யாக்கோப்பு. கழுத்துவரை நிரம்பியதும் மாதாவின் தலையில் நீலக் கிரீட மூடியை வைத்துத் திருகினார். நோய் தீர்க்கும் என்று சனம் நம்புகிற, பிரான்ஸ் தேசத்து லூர்து மாதா கோவில் தண்ணீர் தயார். தண்ணீர் பிடித்த இடம் மட்டும் லண்டன், கிங்ஸ்பரி, பக்கத்து வீட்டுக் கிளறிற்றாவின் வாசல்.

வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் அந்த வெட்கமும் வேறு யாருக்கோ வந்தது போலத் தள்ளி நின்றது. தை மாதம் மனைவி றோஸ்மலர் செத்துப்போனதிலிருந்து அவருக்கு எல்லாமே அப்படித்தான்.

பழைய டெலிவரி வானுக்குள் கட்டிலும் அடுப்பும் பூட்டி, பின்னால் இரண்டு சைக்கிளைக் கட்டிக்கொண்டு, பிரான்சின் நாட்டுப்புறத்தை ஆறுதலாகச் சுற்றிப் பார்க்க வேண்டும் என்பது றோஸ்மலரின் ஆசை. லண்டனுக்கு வருமுன் இருவரும் பாரிசில் பத்தொன்பது வருடம் இருந்தவர்கள்தான். உணவகத்தில் கோப்பை கழுவியதில் நாட்டைப் பார்க்க நேரம் கிடைக்கவில்லை.

கடைசியில் யாக்கோப்பு தனியாகத்தான் வெளிக்கிட்டார். சைக்கிள் மட்டும் இரண்டையும் கட்டினார். ஏன் என்று கேட்டால் அவருக்கே தெரியாது.

போகிற அன்று காலையில், தனக்கென்று ஒன்றும் வைக்காமல் வீட்டுக் கதவுத் திறப்பு இரண்டையும் றோஸ்மலரின் பூச்சட்டிகளையும் பக்கத்து வீட்டுக் கிளறிற்றாவிடம் கொடுத்தார். அவள் கொஞ்ச நேரம் திறப்பையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு உள்ளே ஓடிப்போய் இந்தப் போத்தலைக் கொண்டுவந்து நீட்டினாள். அவளுடைய கணவர் கிறிஸ்துராஜா ஸ்ட்ரோக் வந்து இரண்டு வருடமாகப் படுக்கையில் கிடக்கிறார்.

“அண்ணை, லூர்துத் தண்ணி கொஞ்சம் கொண்டந்து தாங்கோ. இவருக்குப் பூசோணும்.”

“அங்கயிருந்து தபாலில போட்டுவிடுறன்.”

“தபால் வேண்டாம். உங்கட கையாலதான் வேணும். தண்ணி கிடைக்காட்டில், வெறும் போத்தலையெண்டாலும் கொண்டந்து தாங்கோ.”

ஒரு பிளாஸ்டிக் போத்தலுக்கு இவ்வளவு கதையா என்று நினைத்தபடி, அதை வானின் முன்னிருக்கையில் வைத்துக்கொண்டு போனார்.

லூர்துப் பக்கம் அவர் திரும்பியும் பார்க்கவில்லை. போன வருடம் றோஸ்மலரைச் சக்கர நாற்காலியில் வைத்து அங்கே தள்ளிக்கொண்டு போனவர் அவர். முழங்காலில் நின்று கெஞ்சியும் கேட்காத மாதாவுக்கு முன்னால் இன்னொரு தரம் போய் நிற்க மனம் வரவில்லை.

கொஞ்ச நாள் சைக்கிள் ஓடினார். பிறகு ஒரு ஆற்றங்கரையில் வானை நிறுத்தியவர் பதினொரு நாள் அங்கேயே கிடந்தார். பக்கத்து வான்காரர் வந்து ஏதோ பகிடி சொல்லிச் சிரித்தார், இவர் தலையை ஆட்டினார். அந்த இடம் போதும் என்று பட்டது. அதற்கு மேல் போக ஒரு இடமும் அவருக்கு வேண்டியிருக்கவில்லை.

பன்னிரண்டாம் நாள் காலையில் முன்னிருக்கையில் கிடந்த போத்தல் கண்ணில் பட்டது. பாவம், அந்த மனுசி பார்த்துக்கொண்டிருக்கும் என்று நினைத்தார். வானைத் திருப்பிவிட்டார். வெறும் போத்தலை எப்படி நீட்டுவது என்ற யோசனை வாசலுக்கு வந்த பிறகுதான் வந்தது.

பெல் அடித்ததும் கிளறிற்றா கதவைத் திறந்தாள். போத்தலை அவள் பார்க்கவில்லை. அவரைத்தான் மேலும் கீழும் பார்த்தாள்.

“மெலிஞ்சு போனீங்கள் அண்ணை. உள்ள வாங்கோ. இடமெல்லாம் எப்பிடி?”

“நல்ல இடம்.”

“சைக்கிள் ஓடினனீங்களோ?”

“ஓம். வாய்க்கால் கரையால நேர் ரோட்டு. ரெண்டு பக்கமும் சூரியகாந்தித் தோட்டம்.”

“பார்க்க வடிவோ?”

“வடிவாத்தான் இருந்திருக்கும்.”

அவள் போத்தலை வாங்கிக்கொண்டு கணவரின் அறைக்குப் போனாள். யாக்கோப்பு பின்னால் போய் நின்றார். கிளறிற்றா மூடியைத் திருகி, விரலை நனைத்து, கிறிஸ்துராஜாவின் நெற்றிக்குக் கொண்டுபோனாள். மனுசன் நம்பிக்கையோடு கண்ணை மூடிக்கொண்டார்.

அதைத்தான் யாக்கோப்புவால் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை.

“நில்லுங்கோ தங்கச்சி. அது லூர்துத் தண்ணியில்லை. இப்ப வாசலில வைச்சு வான் பைப்பில பிடிச்சனான். நான் லூர்துக்குப் போகவேயில்லை.”

இனி இந்த வீட்டுப் படி ஏற ஏலாது என்று நினைத்தார். கிளறிற்றா விரலைச் சட்டையில் துடைத்தாள். முகத்தில் கோபத்தைக் காணவில்லை.

“அதுக்கென்ன, கொதிக்க வைச்சால் தேத்தண்ணிக்கு ஆகும். வாங்கோ.”

குசினிக்குப் போய் மாதாவைக் கவிழ்த்துக் கேத்திலுக்குள் ஊற்றினாள். தேயிலை எடுக்க மேல் அலுமாரியைத் திறந்தாள். உள்ளே அதே மாதிரி ஏழு மாதா போத்தல்கள். ஏழிலும் கழுத்துவரை தண்ணீர். பங்குக் கோவில் ஆட்கள் ஒவ்வொரு வருடமும் லூர்துக்கு பஸ் பிடித்துப் போய்வருவதும், கிளறிற்றா ஒரு வருடமும் தவறாததும் அப்போதுதான் அவருக்கு நினைவு வந்தது.

“இவ்வளவு தண்ணி வீட்டில இருக்கேக்க, என்னட்டை ஏன் கேட்டனீங்கள்?”

கிளறிற்றா கேத்தில் சுவிட்சைத் தட்டினாள்.

“நீங்கள் திரும்பி வரோணுமெண்டுதான், அண்ணை.”