குடத்துக்குப் போகாத போன்

"பழைய போனுக்குப் பிளாஸ்டிக் குடம்!" என்று தெருவில் வண்டிக்காரர் கூவியதும், கண்ணாடியில் கீறல் விழுந்த பழைய போனுக்குப் பகீரென்றது.

செண்பகவல்லி புரோகிராம் எழுதிப் பழகும் ஆப்பைத் தன்னுடைய அந்தப் போனிலும், கணவனின் புதுப் போனிலும் ஒன்றாகத் திறந்தாள். பழையது பிந்தினால் குடம்தான்.

"கிளம்பு தாத்தா!" என்று சிரித்தது புதுசு.

"முதல்ல நீ ஓடுடா தம்பி."

பழையது சட்டென்று திறந்து, அவள் எழுதியதை ஓட்டி, விடையையும் காட்டிவிட்டது. புதுசில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது.

"எப்படி தாத்தா?"

"உன் வயிறு முழுக்கச் சொந்தக்காரங்க அனுப்பின காலை வணக்கம் பூவும் வீடியோவும். என் வயித்துல அவ இந்த ஒரு ஆப்பைத்தான் வச்சிருக்கா."

வண்டி வாசலில் நின்றது. "போன் இருக்காம்மா?"

"இல்லீங்கண்ணா."

புதுசிடமிருந்து சார்ஜர் வயரைப் பிடுங்கிப் பழையதில் செருகினாள். கீறல் அத்தனையும் தெரிய அது பளிச்சென்று சிரித்தது.