குசினிச் சுவரில் ஒரு காந்தம்

"அந்தச் சுவரிலை வேண்டாம் சறோ. வேறை எங்கையெண்டாலும் சொல்லும், அடிச்சுத் தாறன்."

பரமலிங்கம் இதை மூன்றாவது தடவையாகச் சொன்னார். அவருடைய பெண்சாதி சறோஜினிதேவி கேட்டபாடில்லை. கையில் ஒரு கறுத்தப் பட்டையை வைத்துக்கொண்டு குசினி நடுவில் நின்றாள். சுவிசில் சாப்பாட்டுக் கடையொன்றில் கோப்பை கழுவும் அவளுடைய தம்பி குகநாதன், ஊருக்கு வந்த ஓர் ஆளிடம் கொடுத்துவிட்ட சாமான் அது. உள்ளே காந்தம். சுவரில் அடித்துவிட்டால் கத்திகளை அதில் ஒட்டி வைக்கலாம், விழாதாம். அவர்களுடைய ஊரான இறுப்பிட்டியில் வேறு ஒருவர் வீட்டிலும் இல்லாத புதினம்.

யன்னலடியில் அடிப்போம் என்றார் அவர். சாரல் பட்டுக் கறள் பிடிக்கும் என்றாள். கதவடியில்? போகிற வருகிறவர்களின் கண்ணில் படும். தண்ணீர்க் குடத்துக்கு மேலே? கத்தி விழுந்தால் குடம் போய்விடும். விழாதென்று இப்போதுதானே சொன்னீர் என்றார் அவர். அடுப்புக்கு எதிர்ச் சுவரையே காட்டிக்கொண்டு நின்றாள்.

சுவரென்றால் அந்தச் சுவர்தானா அகப்பட வேண்டும்?

போன வருசம் ஆனியில் அவருடைய தமையனின் மகன் வந்தான். இயக்கத்துப் பெடியன். எண்ணெய்ச் சீலையில் சுற்றிய கைத்துவக்கு ஒன்றை அவர் கையில் வைத்து, ஒரு கிழமையில் வந்து எடுக்கிறேன் சித்தப்பா என்று சொல்லிப் போனான். பிறகு அவன் செத்த செய்திதான் வந்தது. சறோஜினிதேவி நயினாதீவுத் திருவிழாவுக்குப் போயிருந்த நாளாகப் பார்த்து, பரமலிங்கம் அந்தச் சுவரில் ஒரு கல்லைப் பெயர்த்துத் துவக்கை உள்ளே வைத்து, தன் கையாலேயே சாந்து குழைத்துப் பூசி, வெள்ளையும் அடித்துவிட்டார். அவளுக்குச் சொல்லவில்லை. ஆமிக்காரரின் சப்பாத்துச் சத்தம் கேட்டாலே சாமியறைக்குள் போய்க் கதவைச் சாத்துகிறவளிடம் சொல்லி என்ன காணப்போகிறார்?

வெளியே எடுத்து எறியவும் வழியில்லை. சந்திக்குச் சந்தி இந்திய ஆமி நிற்கிறது. போதாக்குறைக்கு இப்போது ஒரு கருவி கொண்டு வீடு வீடாகத் திரிகிறார்கள். நீளத் தடி, நுனியில் வட்டத் தட்டு. சுவருக்குள் இரும்பு இருந்தால் கீச்சிட்டுக் காட்டிக்கொடுத்துவிடும். அப்படித்தான் பின்தெருக் கதிர்காமு வீட்டுச் சுவரை உடைத்து, கொஞ்சத் தோட்டாவை எடுத்து, ஆளையும் ஏற்றிக்கொண்டு போனார்கள். மூன்று மாதமாகிறது. ஆள் இருக்கிறாரா இல்லையா என்றே தெரியாது.

"ஏன் அந்தச் சுவர் ஏலாது? காரணத்தைச் சொல்லுங்கோவன்," என்றாள் சறோஜினிதேவி.

சுவர் ஊறல் என்றார். அவள் தொட்டுப் பார்த்துவிட்டு, காய்ந்துதான் கிடக்கிறது என்றாள். கல் நொறுங்கும் என்றார். அவள் கரித்துண்டால் இரண்டு புள்ளி போட்டு, சுத்தியலை அவர் கையில் தந்தாள். இனியும் மறித்தால் சந்தேகப்படுவாள். பிள்ளையாரை நினைத்துக்கொண்டு அடித்தார். ஒவ்வோர் அடிக்கும், சாந்து உதிர்ந்து துவக்கு வெளியே எட்டிப் பார்க்கப்போகிறது என்றே பயந்தார். நல்லகாலம், இரண்டு ஆணியும் கல்லில் இறங்கின. அவள் நாலு கத்தியையும் எடுத்து ஒட்டினாள். அன்று அவருக்குச் சோறு இறங்கவில்லை.

நாலாம் நாள் காலை ஆமி படலையைத் தள்ளிக்கொண்டு வந்தது. ஐந்து பேர். ஒருவன் கையில் அந்தக் கருவி. அறை, அலுமாரி, சாமியறை எல்லாம் முடித்துக் குசினிக்குள் நுழைந்தார்கள். பரமலிங்கம் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். சறோஜினிதேவி அடுப்படியில் இருந்து தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். எழும்பவில்லை.

மற்றச் சுவர்களில் வாய் திறக்காத கருவி, எதிர்ச் சுவருக்கு வந்ததும் கீச்சென்று கத்தியது. கருவிக்காரன் இந்தியில் ஏதோ சொன்னான். தமிழ் தெரிந்த சிப்பாய் ஒருவன் முன்னால் வந்தான்.

"இது என்னம்மா?"

"கத்தி வைக்கிறது ஐயா. காந்தம். தம்பி வெளிநாட்டிலையிருந்து அனுப்பினவன்."

சிப்பாய் நாலு கத்தியையும் கழற்றினான். கருவியைத் திரும்பப் பிடிக்கச் சொன்னான். திரும்பவும் கத்தியது. பட்டையைப் பிடித்து இழுத்தான். ஆணி அசையவில்லை. கதிர்காமுவை ஜீப்பில் ஏற்றியதைப் பரமலிங்கம் தன் கண்ணாலேயே பார்த்தவர்.

சிப்பாய் ஒரு கத்தியைப் பட்டைக்குக் கிட்டக் கொண்டுபோனான். பட்டை அதை டக்கென்று பறித்தது. இழுத்தெடுத்துத் திரும்பவும் விட்டான். மற்றவர்களைக் கூப்பிட்டுக் காட்டினான். சிரிப்பு வந்துவிட்டது அவனுக்கு.

"இவ்வளவு பெரிய காந்தத்துக்குக் கத்தாம என்ன செய்யும்?"

போய்விட்டார்கள். படலை சாத்துகிற சத்தம் கேட்டபிறகுதான் பரமலிங்கம் நிலத்தில் குந்தினார். இனி மறைக்க அவரால் ஏலாது.

"சறோ, உமக்கு ஒரு விசயம் சொல்லவேணும். அந்தச் சுவருக்குள்ளை..."

"தெரியும்," என்றாள் அவள், மிச்சத் தேங்காயைத் துருவியபடி. "கதிர்காமண்ணையைக் கொண்டுபோன அண்டைக்குத்தான், நீங்கள் சாந்து பூசின இடத்தை அளந்து, அதை மூடுற அளவிலை ஒரு காந்தம் அனுப்பச் சொல்லித் தம்பிக்குக் கடிதம் போட்டனான்."