வீட்டுக்குத் தடையில்லை

"தம்பிகளா, ஆட்டாம தூக்குங்க! உள்ள அம்மா இருக்கு!" என்று அக்கரையிலிருந்து நேலியா கத்தினாள்.

ஓலைக்கூரை வீடு இருபது பேர் தோளில் போய்க்கொண்டிருந்தது. அடியில் கொடுத்த மூங்கில் கழிகளில் முன்கழி என்னுடையது. எங்கள் ஊரில் வீடு மாற்றுவது என்றால் வீட்டையே மாற்றுவதுதான். கூலி கிடையாது. வேலை முடிந்ததும் பன்சித் நூடுல்ஸும் தென்னங்கள்ளும் உண்டு.

உள்ளே கட்டிலில் அந்த அம்மா, எங்கள் பேச்சில் 'நானாய்' எப்பாங். நடமாட்டம் போய்விட்டது. உயிரோடு இந்த வீட்டைவிட்டு வெளியே வரமாட்டேன் என்று அடம்.

மகன் கிரிசாந்தோ எங்கள் மாகாணக் கோர்ட்டில் தடை உத்தரவு வாங்கியிருந்தான்: வீடு யாருக்கு என்ற வழக்கு முடியும்வரை தங்கை நேலியா இந்த வீட்டுக்குள் கால் வைக்கக் கூடாது.

நேலியா சும்மா இருப்பாளா? அவள் வாழ்க்கைப்பட்டது ஓடைக்கு அக்கரையில், வேறு மாகாணம். அந்தக் கோர்ட்டுக்குப் போய், அண்ணன் நுழையக் கூடாது என்று அவளும் ஒன்று வாங்கிவந்தாள்.

எங்கள் கோர்ட் அமீனா அதைப் படித்துவிட்டுச் சிரித்தார். அந்தக் கோர்ட்டின் அதிகாரம் ஓடையோடு சரி. இக்கரையில் அது கடலை மடிக்கத்தான் ஆகும்.

காகிதம் வீட்டுக்கு வர முடியவில்லை. அதனால் வீடு காகிதத்திடம் புறப்பட்டது.

அமீனா கரையில் நின்று உத்தரவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நேலியா வீட்டுக்குள் போகக் கூடாது என்றுதான் இருந்தது. வீடு நேலியாவிடம் போகக் கூடாது என்று எழுத எந்த நீதிபதிக்கும் தோன்றவில்லை.

பக்கத்தில் கிரிசாந்தோவின் வக்கீல் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அக்கரையில் நேலியாவின் வக்கீலுக்கு வாயெல்லாம் பல்.

முழங்கால் தண்ணீரில் பாதி ஓடை வந்துவிட்டோம். உள்ளேயிருந்து நானாய் தடியால் தரையை இடித்தாள்.

"நிறுத்துங்கடா! அந்தக் கரைக்குப் போனா மவன் வரமுடியாது. இந்தக் கரையில மவ வரமுடியாது. என்னை இங்கேயே இறக்குங்க."

இறக்கினோம். வீட்டின் கால்கள் மணலில் ஊன்றி நின்றன. இரண்டு மாகாணத்துக்கும் எல்லை அங்கேதான். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

கிரிசாந்தோ ஒரு பக்கமும் நேலியா ஒரு பக்கமுமாகத் தண்ணீரைக் கலக்கிக்கொண்டு ஓடிவந்தார்கள். ஏணியடியில் சேர்ந்தாற்போல் வந்து நின்றார்கள்.

நின்று, இரண்டு பேரும் அவரவர் வக்கீலைத் திரும்பிப் பார்த்தார்கள், ஏறலாமா என்று.