பின்மூடி

"திருட்டுப் பசங்க! ஒருத்தனாவது யோக்கியமா இருக்கானா பாரு!"

வாட்ச் கடைக்காரர் செல்போனை மேசைமேல் விட்டெறியாத குறையாகப் போட்டார். மதியச் சாப்பாடு கொண்டுவந்திருந்த மனைவி பாத்திரத்தைத் திறந்தபடியே கேட்டாள்.

"இப்ப யாரு?"

"அஞ்சாவது ஆளு. பணம் அனுப்பிட்டேன்னு ஒரு படம் போட்டிருக்கான். என் கணக்குல ஒத்தக் காசு ஏறல!"

"நேத்து ஒருத்தன் ஏதோ கட்டம் கட்டமா அனுப்பினானே?"

"அதை ஸ்கேன் பண்ணினா பணம் வருமாம். பணம் வாங்க நான் எதுக்குடா ரகசிய எண்ணைப் போடணும்னு கேட்டேன். போனை வெச்சுட்டான். அதுக்கு முன்னாடி ஒருத்தன், கூரியர்ல அனுப்புங்க, பிரிச்சுப் பார்த்துட்டுத் தரேன்னான். உள்ள செங்கல்தான் இருந்துச்சுன்னு அவன் சொன்னா நான் எந்தச் சுவத்துல போய் முட்டிக்கிறது?"

"இவ்வளவு வயித்தெரிச்சல் பட்டு அதை விக்கணுமா? எனக்கு அந்த வாட்ச்சைப் பார்த்தாலே பிடிக்கல."

"உனக்குப் பிடிச்சா என்ன, பிடிக்காட்டி என்ன? இதை வித்தாத்தான் மெயின் ரோட்டுக் கடைக்கு முன்பணம் கட்ட முடியும். இந்தச் சந்துல உக்காந்து இன்னும் எத்தனை நாள் ஈ ஓட்டுறது?"

அவள் சோற்றை எடுத்து வைத்தாள். சாவி கொடுத்து ஓட்டும் பழைய கைக்கடிகாரம் அது. இந்த மாதிரிப் பொருளைத் தேடி அலைகிறவர்கள் கேட்ட விலையைக் கொடுப்பார்கள் என்று அவருக்குத் தெரியும். அவர்களிடம் போய்ச் சேர்வதற்குள்தான் இத்தனை ஃபிராடுகள்.

போன் அடித்தது. பெண் குரல்.

"விளம்பரம் பார்த்தேன் சார். நாலாம் நம்பர் பக்கத்துல பழுப்பா ஒரு புள்ளி தெரியுதே. நிழலா, வாட்ச்லயே இருக்கா?"

"வாட்ச்லயேதான்மா இருக்கு. மறைச்சு விக்கிற பழக்கம் நமக்கில்ல."

"அப்ப நான் எடுத்துக்கிறேன். கூரியர்ல..."

"கூரியர் கிடையாது. செக் கிடையாது. நேர்ல வரணும், என் பேங்க்குக்கு. அங்க மேல கேமரா இருக்கு, வாசல்ல செக்யூரிட்டி இருக்காரு. என் கணக்குல பணம் ஏறிடுச்சுன்னு கவுன்ட்டர்ல கேட்டுட்டுத்தான் பொருளைக் கையவிட்டு விடுவேன். தப்பா எடுத்துக்காதீங்க. போன வருஷம் என் கடைப் பூட்டையே உடைச்சுட்டுப் போனவனுங்க இருக்கிற ஊரு இது."

"தப்பே இல்ல சார். எனக்கும் அதுதான் பாதுகாப்பு."

உலகத்தில் விவரமான ஆளும் இருக்கத்தான் செய்கிறது என்று நினைத்துக்கொண்டார்.

மறுநாள் காலை பத்தரைக்கு வங்கியில் சந்தித்தார்கள். மருந்துக்கடைச் சீருடையில் வந்திருந்தாள். வேலைக்கு நடுவில் ஓடி வந்தவள் போலிருந்தது. கேமராவுக்கு நேர் கீழே இருந்த மேசையை அவரே தேர்ந்தெடுத்தார். வாட்ச்சை எடுத்து வைத்தார். ஆனால் வாரை விரலில் சுற்றியே வைத்திருந்தார்.

அவள் வெகுநேரம் அதையே பார்த்தாள்.

"பின்மூடியைத் திறந்து காட்டுறீங்களா? உள்ள மெஷினை மாத்தியிருந்தா எனக்கு எப்படித் தெரியும்?"

அவருக்குச் சுரீரென்றது. "மாத்துறதா? முப்பது வருஷமா இதே தொழில்மா. அடுத்தவங்க பொருள்ல ஒரு திருகாணிகூட மாத்தினது கிடையாது. யாரைப் பார்த்து என்ன கேக்குறீங்க?"

"கோவப்படாதீங்க சார். ஏமாந்த குடும்பம் எங்களது."

அது அவரைக் கொஞ்சம் தணித்தது. சட்டைப் பையிலிருந்து கருவியை எடுத்து, ஒரே நெம்பில் மூடியைக் கழற்றினார்.

"வீடியோ எடுத்துக்கட்டுமா?"

"தாராளமா. நானே சொல்லலாம்னு இருந்தேன். நாளைக்கு நீங்களும் பேச்சை மாத்தக் கூடாதில்ல?"

செல்போன் வெளிச்சத்தில் மூடியின் உட்புறம் பளபளத்தது. "இங்க பொடிசா 417னு கீறியிருக்கே, அது என்ன?"

"பழுது பாக்க வர்ற வாட்ச்ல ரசீது நம்பரை ஊசியால கீறி வெச்சிருவோம். ஒண்ணுக்கொண்ணு மாறிடக் கூடாது பாருங்க. நேர்மையா தொழில் பண்றவனோட அடையாளம் அது."

"உங்க சொந்த வாட்ச்சுக்குக் கூடவா?"

மூடியைக் குப்புறத் திருப்பி வைத்தார். "கைப்பழக்கம்மா. மூடியைத் திறந்தா கை தானா கீறிடும். எங்கப்பா கட்டின வாட்ச் இது. அவர் போனதுலேர்ந்து எங்க வீட்டு வாசலைத் தாண்டினதில்ல. நாளைக்கு எவனும் உரிமை கொண்டாடிட்டு வர முடியாது, போதுமா?"

"போதும் சார்."

வீடியோவை நிறுத்திவிட்டுக் கைப்பையைத் திறந்தாள். பணம் அனுப்பத்தான் என்று அவரும் தன் செல்போனை எடுத்துக் கணக்கைப் பார்க்கத் தயாரானார்.

அவள் எடுத்தது நாலாக மடித்த ஒரு தாள். மேசைமேல் விரித்து வைத்தாள். தலைப்பில் அவருடைய கடைப் பெயர். எண் 417. கீழே அவர் கையெழுத்திலேயே, 'நாலாம் எண் அருகே பழுப்புப் புள்ளி.'

"கடையை உடைச்சு எல்லாத்தையும் வாரிட்டுப் போயிட்டாங்கன்னு எங்கப்பா கையைப் பிடிச்சுக்கிட்டு அழுதீங்களாமே! அவரு உங்களுக்கு ஆறுதல் சொல்லிட்டு வந்தாரு சார்" என்றவள், வாசலைப் பார்த்துக் குரல் கொடுத்தாள். "செக்யூரிட்டி அண்ணே, கொஞ்சம் வாங்க!"

கடைப் பூட்டு உடைந்தது உண்மைதான். ஆனால் திருடர்கள் கொண்டுபோனது ஏழு சுவர்க் கடிகாரங்களை மட்டும்தான். புகாரில் எட்டாவதாக இந்தக் கைக்கடிகாரத்தைச் சேர்த்து எழுதியது அவரே.